தேடிப் போகும் இன்மை

நிலத்தை நான்காகவும் ஒழுக்கத்தை ஐந்தாகவும் வகுத்தவர் நம் முன்னோர். பாலைக்கு ஒழுக்கம் உண்டு; பொழுதும் தெய்வமும் உண்டு; தனக்கென்று ஒரு நிலம் மட்டும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் கடுங்கோடையில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை எனப்படும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். வகுப்பில் இப்பகுதியை நடத்தும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. "ஐயா, நீரும் நிழலும் இல்லாத இடத்திற்கு ஒருவன் ஏன் போக வேண்டும்?" என்று பின்வரிசை மாணவன் கேட்பான். பொருளீட்டப் போனான் என்று நாம் விடை சொல்வோம். அகநானூற்றின் நானூறு பாடல்களில் சரிபாதியான 200 பாடல்கள் பாலைத்திணைக்கு உரியவை. அத்தனை பாடல்களிலும் பாலை வழியே அன்றிப் போய்ச் சேரும் ஊர் அன்று. பாலையைக் காண்பதற்கென்றே பாலைக்குப் போன தலைவன் ஒருவனும் அங்கு இல்லை.

இன்று அத்தகைய தலைவர்கள் பலர் இருக்கின்றனர். குழாயைத் திருகினால் நீரும் விசையைத் தட்டினால் விளக்கும் வரும் வீட்டில் வாழ்பவர்கள், அவ்விரண்டும் இல்லாத இடத்தைத் தேடிப் பணம் கட்டிப் போகிறார்கள். ஓரிரு இரவுகள் தங்கித் திரும்புகிறார்கள். இது வெறும் பொழுதுபோக்கா, ஒருவகைப் பயிற்சியா, அல்லது இல்லாமையால் வாடுவோரை அறியாமலே ஏளனம் செய்யும் செயலா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

கேள்வி எனக்கு எழுந்த இடம் நம் மஸ்ஜித் இந்தியா. 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் மக்கள் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர்பெற்ற தெரு அது. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் உணவுக்கடைகளும் பூமாலைக் கடைகளும் நெருங்கி நிற்கும் அவ்விடத்தில் இல்லாமை என்னும் சொல்லுக்கே இடமில்லை என்று தோன்றும். அங்குத் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கலிபோர்னியாவில் பணிபுரியும் மகனைக் காண மனைவியுடன் புறப்பட ஆயத்தமானார். மகன் அவர்களை இரண்டு இரவு ஒரு பாலைவனத்தில் தங்க அழைத்துச் செல்வதாக எழுதியிருந்தான். அந்தப் பயணத்திற்கான பட்டியல், கடையின் கல்லாப் பெட்டிக்கு அருகில் ஒரு ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது.

அவர்கள் செல்லவிருந்த இடம் ஜோஷுவா மரத் தேசியப் பூங்கா. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே, மொஹாவி, கொலராடோ என்னும் இரு பாலைவனங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அது இருக்கிறது. 1936இல் பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவிக்கப்பட்டு 1994இல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது; நம் சிலாங்கூர் மாநிலத்தை ஐந்து கூறாக்கினால் இரண்டு கூறு என்று கொள்ளலாம். அதனுள் பெல் என்றொரு சிறு தங்குமிடம் உண்டு. கூடாரம் அடிக்கப் பதினெட்டே இடங்கள். அருகில் வொய்ட் டாங்க் என்று இன்னொன்று. அங்குப் பதினைந்து இடங்கள். இரண்டிலும் குடிநீர் இல்லை, மின்சாரம் இல்லை. குழிக் கழிப்பறையும், மேசையும், தீ மூட்ட இரும்பு வளையமும் உண்டு. அவ்வளவே. விறகு பொறுக்கக்கூடாது; வேண்டுவோர் வெளியிலிருந்து கொண்டு வரவேண்டும். பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசி இயங்குவதில்லை. கோடைப் பகலில் வெப்பம் 38 பாகையைத் தாண்டும். குளிர்காலத்து இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்குவதும் உண்டு. அமெரிக்கர் இத்தகைய இடங்களைக் குறிக்க, தொன்மையானது, ஆதிநிலையில் உள்ளது என்று பொருள்படும் சொல்லொன்றை ஆள்கின்றனர். அச்சொல்லைப் பின்னர்க் காண்போம்.

நண்பரின் பட்டியலில் முதலில் நின்றது நீர். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் வேண்டும் என்பது பூங்காவின் அறிவுரை. மலையேறி நடப்பவருக்கு அதனினும் கூடுதல். மூவர், மூன்று பகல், 36 லிட்டர். மகன் எச்சரிக்கையானவன், சமையலுக்கும் தாமதத்திற்கும் என்று அதில் பாதியைக் கூட்டி 54 லிட்டர் என்று எழுதி அனுப்பினான். 54 லிட்டர் நீர் என்றால் 54 கிலோ எடை. "ஒரு மூட்டை அரிசிக்கு மேல் வருகிறதே!" என்று நண்பர் வியந்தார். நம் நாட்டில் வீட்டில் இருக்கும் ஒருவர் ஒரே நாளில் 200 லிட்டருக்கு மேல் செலவிடுகிறார் என்று சொன்னேன். அதைத் தூக்கிப் பார்த்ததில்லை என்றார். நீரின் எடையை அறியாமலே நாம் வாழ்நாளைக் கழித்துவிட முடியும் என்பதை அந்த ஒரு சொல் உணர்த்திற்று.

ஆனால் அவருடைய தாயார் அறிவார். எண்பதைத் தாண்டிய அம்மூதாட்டி கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். பைப்படியில் வரிசையில் நின்று இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தவர். மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மகன் சொன்ன திட்டத்தை முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம். "தண்ணி இல்லாத எடத்துக்குக் காசு குடுத்துப் போறியாப்பா? அதுக்கு நாம லயத்துலயே இருந்திருக்கலாமே!"

இக்கேள்விக்கு விரைந்து சொல்லத்தக்க விடைகள் இரண்டு உள. இது வசதி படைத்தோரின் விளையாட்டு. இல்லாமையை ஆடையாக உடுத்திக் களைவது போன்றது என்பது ஒன்று. இது மனத்தைப் பண்படுத்தும் நோன்பு. துறவியர் காடேகியது போன்றது என்பது மற்றொன்று. முன்னது சொல்வோர் பலர். பின்னது பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் மிகுதியாகக் காணப்படுவது. விளம்பரம் சொல்வதாலேயே அதைத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. எனினும் இரண்டும் மூதாட்டியின் கேள்விக்கு நேர்நின்று விடை சொல்லவில்லை. அவர் கேட்டது, லயத்து இல்லாமைக்கும் பாலைவனத்து இல்லாமைக்கும் என்ன வேறுபாடு என்பதே.

திருக்குறளின் அதிகார வைப்பை ஈண்டு நோக்குதல் தகும். துறவு 35ஆம் அதிகாரம். நல்குரவு 105ஆம் அதிகாரம். துறந்தவனிடமும் பொருள் இல்லை. வறியவனிடமும் பொருள் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இருவர் கையும் ஒன்றுபோல் வெறுமையே. ஆயினும் வள்ளுவர் ஒன்றை அறத்துப்பாலிலும் மற்றொன்றைப் பொருட்பாலிலும் வைத்தார். துறவில் மேன்மை கண்டவர் நல்குரவில் ஒரு மேன்மையும் காணவில்லை; அதைத் துன்பத்தினும் பெருந்துன்பமாகவே கண்டார். வறுமையை அறமாகப் புகழ்ந்து வறியவனை அதிலேயே அமர்ந்திருக்கச் சொல்லும் போக்கு அவரிடம் இல்லை. இன்மை ஒன்றுதான், அதற்குள் நுழைந்த வாயில்தான் வேறு. துறந்தவன் தானே கதவைத் திறந்து வெளியேறினான். வறியவனுக்கோ கதவே வைக்கப்படவில்லை.

தோட்டத்து லயங்களில் குழாயும் விளக்கும் வந்தது தானே நிகழ்ந்ததன்று. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்த அளவுத் தரம் வகுத்து 1966இல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1990இல் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. ஒரு குடம் நீருக்கு இரண்டு சட்டம் என்று சொன்னால் மிகையாகாது. அந்த நீருக்காகத் தலைமுறைகள் காத்திருந்தன. காத்திருந்தவர்களின் பேரன், நீர் இல்லாத இடத்தைத் தன் விடுமுறைக்குத் தேர்ந்துகொள்கிறான். இதில் நன்றியின்மை இருக்கிறதா? இல்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் மறதி இருக்கக்கூடும். அவன் அங்குத் தங்கிவிட்டு வந்து, "பாட்டியின் வாழ்க்கையை நானும் வாழ்ந்து பார்த்தேன்" என்று சொல்வானானால் அது பொய். அவன் கூடாரத்திற்குப் பத்தடி தொலைவில் எண்ணெய் நிரப்பிய கார் நிற்கிறது. பாட்டியின் லயத்து வாசலில் அப்படி ஒன்றும் நிற்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்னும் உறுதி உள்ளவன் பாலைவனத்தின் வெப்பத்தை அறியலாம். வறுமையை அறிய முடியாது. வறுமையின் இயல்பே எழுந்து போக முடியாமையன்றோ?

கூடாரமிட்டுத் தங்கும் இடத்தைத் தமிழில் முகாம் என்கிறோம். அச்சொல் நம்மவர் செவியில் எளிதாக ஒலிப்பதில்லை. 1942இலும் 1943இலும் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடுவதற்காக ஜப்பானியர் நம் தோட்டத்து மக்களைக் கொண்டுசென்று காட்டில் வைத்த இடங்களும் முகாம்களே. கழிப்பறை இன்றி, மருந்தின்றி, மழையில் ஒழுகும் குடிசைகளில் கிடந்து வாந்திபேதியால் மாண்ட தமிழர் பல்லாயிரம் பேர். 2009இல் போர் முடிந்தபின் ஈழத்துத் தமிழர் முள்வேலிக்குள் வைக்கப்பட்ட மெனிக் பண்ணையும் முகாம்தான். நீர் இல்லை, விளக்கு இல்லை, கூரையாக ஒரு துணி. அந்த முகாமையும் பெல் தங்குமிடத்தையும் பொருள்களின் பட்டியலைக் கொண்டு வேறுபடுத்த இயலாது. வாயிலில் யார் நிற்கிறார்கள் என்பதைக் கொண்டே வேறுபடுத்த இயலும். இளைஞர் சிலர் விளையாட்டாக "முகாம் வாழ்க்கை" என்று சொல்லும்போது முதியவர் முகம் சுருங்குவதற்குக் காரணம் உண்டு.

தொன்மையானது என்று பொருள்படும் அந்த அமெரிக்கச் சொல்லிலும் இதே குறை உண்டு. வெள்ளையர் வருவதற்கு முன் அப்பாலைவனத்தில் செரானோ, சிமிஹுவேவி, கவீயா முதலிய மக்கள் வாழ்ந்தனர். மாரா என்னும் நீருற்றுச் சோலை அவர்களுடைய குடியிருப்பு. அவர்களுக்கு அது ஆதிநிலை நிலமாக இருந்திருக்க முடியாது, அது வீடு. எங்கே நீர் சுரக்கும், எந்த விதையை அரைத்துண்ணலாம் என்ற அறிவு அவர்களிடம் நிறைந்திருந்தது. அந்த அறிவுடையோர் அகன்றபின், அறிவில்லாதவன் 54 லிட்டரைச் சுமந்துகொண்டு வரும் இடத்திற்கு ஆதிநிலை என்று பெயர் வைத்தார்கள். குறை நிலத்தில் இல்லை; வருபவனிடம் இருக்கிறது.

இவ்வளவு சொன்னதால், தேடிப் போகும் இன்மை அனைத்தும் பொய்வேடம் என்று நான் முடிவுகட்டுவதாக எண்ண வேண்டா. நண்பரின் கடைக்கு அண்மையிலேயே அதற்கு மறுமொழி தொங்கிக்கொண்டிருக்கிறது. தைக்கப்படாத இரண்டு வெள்ளைத் துணிகள். ஹஜ், உம்ரா செல்லும் ஆடவர் உடுத்தும் இஹ்ராம் அது. கோடீசுவரனும் கூலியாளும் அத்துணியில் நின்றால் யார் யார் என்று தெரியாது. அரஃபாவில் பகலைக் கழித்தவர்கள் இரவில் முஸ்தலிஃபா வெளியில் வானமே கூரையாகத் தங்குகிறார்கள். மறுநாளைக்கு வேண்டிய கூழாங்கற்களை அங்கே பொறுக்கிக்கொள்கிறார்கள். பின் மினாவின் கூடாரங்கள். இலட்சக்கணக்கானோர் கூடும் அவ்வெளியைப் பதினெட்டு இடங்களே உள்ள பெல்லோடு ஒப்பிடுவது அளவில் பொருந்தாது. ஆனால் ஓர் இரவு மண்ணில் படுக்கத் தானே விரும்பிப் போவது என்ற அளவில் இரண்டும் உறவுடையவை. எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், அந்த இரவைப் பொய்வேடம் என்று சொல்லத் துணியமாட்டார்.

இந்தப் புனிதப் பயணத்தின் மலேசிய வரலாற்றில் நம் கேள்விக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று இருக்கிறது. முற்காலத்தில் நாட்டுப்புறத்து மலாய் மக்கள் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். பாலைவனத்திற்குப் போய் வந்த பெரியவர் ஊர் திரும்பியபோது உழ நிலம் இல்லை. ஓட்ட மாடு இல்லை. பொருளியல் அறிஞர் உங்கு அஸிஸ் இதைக் கண்டு 1959இல் ஒரு திட்டத்தை அரசிடம் அளித்தார். சிறுகச் சிறுகச் சேமித்து, அச்சேமிப்பை நல்வழியில் முதலீடு செய்து, கடனும் விற்பனையும் இன்றிப் பயணம் போக வழி வேண்டும் என்பது அதன் சாரம். அதிலிருந்து 1963இல் பிறந்த நிறுவனமே பின்னாளில் தாபோங் ஹாஜி என்று பெயர்பெற்றது. வள்ளுவரின் இரண்டு அதிகாரங்களுக்கு இடையே ஒரு சுவர் எழுப்பிய செயல் என்று இதை நான் சொல்வேன். சில நாள் துறவு, வாழ்நாள் நல்குரவாக மாறிவிடாமல் காப்பது எது? முன்கூட்டிச் சிந்தித்தல், வெறும் திட்டமிடல். கவிஞர்கள் அவ்வளவாகப் போற்றாத பண்பு அது.

திட்டமிடல் தவறினால் என்ன ஆகும் என்பதும் அதே நிலத்தில் தெரிந்தது. 1997இல் மினாவில் தீப்பற்றி 300க்கு மேற்பட்டோர் இறந்தபின் தீப்பற்றாத கூடாரங்கள் வந்தன. 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 51 பாகையைக் கடந்தது; அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,300க்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் உரிய அனுமதியின்றி வந்தவர்கள் என்றும், நிழலும் ஓய்வும் இன்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு தெரிவித்தது. அவர்கள் அறிவிலிகள் என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அனுமதியுடன் செல்லும் பயணத்தின் செலவைத் தாங்க முடியாதவர்கள் அவர்களில் பலர். அனுமதி பெற்றவருக்குக் குளிரூட்டிய கூடாரம், பெறாதவருக்கு வெயில். ஒரே துணியை உடுத்தியிருந்தவர்களுக்குள் இந்த வேறுபாடு. திட்டமிடுவதற்கும் கையில் சிறிது பொருள் வேண்டும் என்பது கசப்பான உண்மை. 'முன்னேற்பாடு செய்யாதது உன் குற்றம்' என்று ஏழையை நோக்கிச் சொல்லும்முன் நாம் சற்றே தயங்க வேண்டும்.

வசதி படைத்தவன் முன்னேற்பாடு செய்யாமற் போவது வேறு கணக்கு. "எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனால் அப்புறம் என்ன பாலைவனம்? வெறுங்கையோடு போவதல்லவா வீரம்!" என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதிட்டார். அழகான வாதம்தான். ஆனால் வெறுங்கையோடு போனவன் இரண்டாம் நாள் பகலில் யாருடைய கையை எதிர்பார்ப்பான்? அடுத்த கூடாரத்தாரின் நீரை. அவனைத் தேடி வரும் மீட்புக் குழுவினரின் உயிரை. அவன் துறந்ததாக நினைத்தது பொருளை. உண்மையில் துறந்தது பொறுப்பை. அதைப் பிறர் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தது அரசனுக்காக. ஒரு கூடாரத்தோடு புறப்படுபவனுக்கு அவற்றில் தள்ளத்தக்கது ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாலைவனம் மனிதனின் கவனக்குறைவை எளிதில் மறப்பதில்லை. மழைக்காட்டில் வாழும் நமக்கு இது புதுமை. நம் மண்ணில் வெட்டிய பாதையை ஓராண்டு விட்டுவிட்டால் லாலான் மூடிவிடும். அங்கோ நிலத்தின் மேற்பரப்பே ஒருவகை உயிர்த்தோல். நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து மணலைப் பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய படலம். ஒரு காலடி அதை உடைத்தால் ஆறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நம்மவர் சயாமுக்கு இழுத்துச்செல்லப்பட்ட அதே 1942இல் அமெரிக்கத் தளபதி பேட்டன் மொஹாவி, கொலராடோ பாலைகளில் தம் படைக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய பீரங்கி வண்டிகள் சென்ற தடம் இன்றும் சில இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது. சயாம் பாதையின் பெரும்பகுதியைக் காடு விழுங்கிவிட்டது.

2018 டிசம்பர் இறுதியில் அமெரிக்க அரசின் பணிகள் நிதி ஒதுக்கீடு இன்றி முடங்கின. அடுத்த ஜனவரி 25 வரை அந்நிலை நீடித்தது. ஜோஷுவா மரப் பூங்காவின் வாயில் திறந்தே இருந்தது. காவலர் மிகச் சிலரே. குழிக் கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. வண்டிகள் பாதையை விட்டு விலகிப் புதுத்தடம் போட்டன. ஜோஷுவா மரங்கள் சில வெட்டப்பட்டன. ஜனவரித் தொடக்கத்தில் தங்குமிடங்களை மூட நேர்ந்தது. மற்றொரு பக்கம், சுற்றுவட்டாரத்து மக்கள் தாமே முன்வந்து குப்பை அள்ளினார்கள், கழிப்பறைகளைக் கழுவினார்கள். அனைவரும் ஒரே மணலில், ஒரே வானத்தின் கீழ் நின்றவர்கள். இயற்கையின் மடியில் இருந்தால் மனிதன் தூயவனாகிவிடுவான் என்று சொல்வோர் அந்த ஐந்து வாரங்களை எண்ணிப் பார்க்கலாம்.

நகரத்தில் வாழும் நாம் திட்டமிடாமல் வாழ்வதாக நினைத்துக்கொள்கிறோம். நமக்காக வேறு யாரோ திட்டமிடுகிறார்கள், அவ்வளவே. 1998இல் எல் நினோ வறட்சியின்போதும் 2014இலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்ப் பங்கீடு வந்ததை மாணவர் அறியாமல் இருக்கலாம்; ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கலந்த மாசினால் ஏறத்தாழ 12 லட்சம் கணக்குதாரர்களின் குழாய்கள் வறண்டன. அந்த நாள்களில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தின் பத்தாம் மாடியில் இருந்தவர், எவரும் பணம் கட்டித் தேடிப் போகாத ஒரு பாலைவனத்தில் இருந்தார். 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா தெருவிலேயே நடைபாதை உள்வாங்கியதையும், இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் அதில் வீழ்ந்ததையும், பல நாள் தேடியும் அவர் உடல் கிடைக்காததையும் இத்தெருவார் இன்னும் தாழ்ந்த குரலிலேயே பேசுகிறார்கள். காலடியில் நிலம் இருக்கிறது என்பதுகூட நாம் பிறரை நம்பி எடுத்துக்கொண்ட ஒன்றே. பாலைவனத்தில் தங்கப் போகிறவன் அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்க நேர்கிறது. நீர், நிழல், விளக்கு, மருந்து, கழிவு, திரும்பும் வழி. இப்பட்டியலை எழுதும் மாலைப்பொழுது, அங்குப் போய்த் தங்கும் இரவைவிடப் பயன் மிக்கது என்று நான் கருதுகிறேன். நண்பர் இதை ஒப்பவில்லை. விமானச் சீட்டு வாங்கியவர் எப்படி ஒப்புவார்?

பட்டியலில் தீராத கேள்வி ஒன்று எஞ்சி நின்றது. நீர் கொண்டுவராத ஒருவர் பக்கத்தில் வந்து தங்கினால் என்ன செய்வது?

யூதர்களின் தல்முது நூலில் இதற்கு நெருங்கிய வழக்கொன்று உண்டு. இருவர் பாலைவழியே செல்கின்றனர். ஒருவர் கையில் மட்டும் ஒரு குடுவை நீர். பகிர்ந்தால் இருவரும் மடிவர். ஒருவரே அருந்தினால் அவர் ஊர் சேர்வார். ஒருவர் மற்றவரின் சாவைப் பார்த்துக்கொண்டிருப்பதினும் இருவரும் அருந்தி மடிவதே மேல் என்றார் பென் பெத்தூரா. உன் உயிர் முந்தியது என்றார் அகிவா. நம் இலக்கியம் இவ்வாறு வழக்காடவில்லை. மாறன் பொறையனாரின் ஐந்திணை ஐம்பதில் பாலைக் காட்சி ஒன்று வருகிறது. சுனையில் எஞ்சியிருக்கும் நீர் சிறிது. இரண்டு மான்களுக்குப் போதாது. பிணை அருந்தட்டும் என்று கலை தன் வாயை நீரில் வைத்து அருந்துவதுபோல் பாசாங்கு செய்கிறது. இப்பாட்டை நடத்தும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஆனால் சற்றே ஆழ்ந்து எண்ணினால், கலைமான் அந்நிலைக்கு வந்தது அதன் பிழையன்று. சுனையை வற்றச் செய்தது வேனில். காரில் நீர் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய மனிதன் தன்னையோ பிறரையோ அந்தச் சுனையருகில் கொண்டு நிறுத்துவானாயின், அவன் பாசாங்கில் அன்பு இருந்தாலும் அவன் பட்டியலில் குறை இருந்திருக்கிறது.

நண்பர் 54 என்ற எண்ணுக்குக் கீழே 8 என்று எழுதினார். யாருக்கு என்று எழுதவில்லை. மகனிடமிருந்து மறுப்பு வந்தது. எடை கூடும் என்பது ஒன்று. ஆயத்தமின்றி வருவோருக்குப் பிறர் நீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர்கள் என்றைக்கும் ஆயத்தமாக வரமாட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது மறுப்பு வலியது. அதற்கு நல்ல விடை என்னிடமும் இல்லை, நண்பரிடமும் இல்லை. மூதாட்டியிடம் சென்றது வழக்கு. "பைப்படியில கொடம் ஒடஞ்சு நின்னவளைப் பார்த்து, நீ ஏன்டி ஓட்டைக் கொடத்தைக் கொண்டாந்தேன்னு கேட்டுட்டா தண்ணி குடுப்போம்? மொதல்ல ஊத்துவோம், அப்புறம் திட்டுவோம்" என்றார் அவர்.

62 லிட்டர் என்று முடிவாயிற்று. இருபது லிட்டர்க் கலன் மூன்று வாங்குவதென்றும், மிஞ்சிய இரண்டு லிட்டரைப் புட்டிகளில் அடைத்துக்கொள்வதென்றும் மகனுக்கு எழுதினார்கள். எட்டு லிட்டரைத் தனிக் கலனில் வைக்க வேண்டுமா, மற்றதோடு கலந்தே வைக்கலாமா என்பது, நான் கடையை விட்டு இறங்கும் வரையில் பேசி முடியவில்லை.